எழில்மொழி கழற்றிக் கொடுத்தது

2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த ஊரில் கேட் மூடிவிட்டால் எப்போது திறக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி முடிக்கும்வரை பேருந்துகள் கடைத்தெரு நெடுக நின்றபடியே இருக்கும். மன்னார்குடிப் பேருந்திலிருந்து வியர்வை தாங்காமல் இறங்கிய கிளாட்சன், நிழலுக்காக ஒரு சிறிய கடையின் வாசலில் ஒதுங்கினார். யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர், ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கப்படும் என்று கடைப் பலகையில் எழுதியிருந்தது. உள்ளே ஏதோ ஒலித்துக்கொண்டிருந்தது.

நீண்ட, மெதுவான ஒலி. ஒன்று மேலெழுந்து அடங்கும்போது இன்னொன்று எங்கோ தொலைவில் தொடங்கும். சில நேரம் இரண்டும் சேரும். சில நேரம் ஒன்றுமே இருக்காது. கிளாட்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பதிவுசெய்த இசையானால் எங்கேயாவது தொடக்கத்துக்குத் திரும்பியாக வேண்டும். பதினெட்டு நிமிஷம் ஆகியும் அது திரும்பவில்லை.

"யாரும்மா வாசிக்கிறது?" என்று உள்ளே எட்டிக் கேட்டார்.

மேசைமேல் குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "யாரும் வாசிக்கல சார். அதுவா போய்க்கிட்டிருக்கு."

"ரெக்கார்டிங்கா?"

"ரெக்கார்டிங்னா திரும்ப வரும்ல. இது வராது. வேணா நின்னு பாருங்க, கேட் தொறக்க இன்னும் நேரம் இருக்கு."

அவள் கைகாட்டிய இடத்தில், பிஸ்கட் டப்பா அளவுக்கு ஒரு மரப்பெட்டி. அதில் வரிசையாகத் திருகப்பட்ட ஆறு அலுமினியத் தகடுகள். தகடுகளில் குமிழ்களும் துளைகளும். துளைக்குத் துளை வண்ண வண்ணமாகக் கேபிள்கள். அது என்ன கருவி என்று கிளாட்சனுக்கு நன்றாகத் தெரியும். மாடுலர் சிந்தசைசர். ஒலியை எழுப்பும் மாடுல், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாடுல், எதிரொலி தரும் மாடுல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்து வாங்கி, ஒரு பெட்டியில் பொருத்தி, கேபிளால் இணைத்துக்கொள்ள வேண்டிய கருவி. சரியாக இணைத்துவிட்டால் கைபடாமலே மணிக்கணக்கில் மாறி மாறி ஒலித்துக்கொண்டிருக்கும். மூன்று வருஷமாக அதைப் பற்றி இணையத்தில் தேடித் தேடிப் படித்து, நூற்றுத்தொண்ணூறு பக்க நோட்டு ஒன்றை நிரப்பி வைத்திருந்தவர் அவர். காவிரிப் படுகையிலேயே இந்தச் சங்கதி தெரிந்த ஒரே ஆள் தாம்தான் என்று மனத்துக்குள் ஒரு பட்டம் கட்டி வைத்திருந்தார்.

"ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் மாதிரி இருக்கு" என்றார்.

அவள் சிரித்தாள். "மொதல்ல கேக்குறவங்க எல்லாம் அப்படித்தான் சார் சொல்வாங்க. மோட்டார் தண்ணியில்லாம ஓடுதுன்னு எங்கப்பா சொன்னாரு."

அவளுக்குக் கோபம் வராதது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கேட் திறந்தது. பேருந்தில் ஏறியவர், தமக்கும் அந்தக் கருவி தெரியும் என்பதைச் சொல்லாமலே போனார்.

பொறாமைப்பட்டவர் சும்மா இருப்பதில்லை. பிறகு வந்த இரண்டு மாதங்களில் கிளாட்சன் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டது, தம் சொந்த மைத்துனியைப் பற்றித் தெரிந்ததைவிட அதிகம்.

பெயர் எழில்மொழி. வயது முப்பத்து நான்கு. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். தாய் அம்சம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். தகப்பனார் இளையபெருமாள் ஊர் வயல்களுக்குத் தண்ணீர் கட்டுகிறவர்: எந்த வாய்க்காலில் எந்த மடையை எப்போது திறப்பது, எவர் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் பொறுப்பு. குடும்பத்துக்கென்று ஒரு குழி நிலம் வாங்கியது எழில்மொழி சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்து, ஏஜெண்டு மூலம் சிங்கப்பூர் போய், சில்லு தயாரிக்கும் ஆலையொன்றில் ஏழு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தாள். உடன் வேலை பார்த்த சீனப் பெண் ஒருத்தி ஊரைவிட்டுப் போகும்போது விட்டுச் சென்ற பழுதான மாடுல்தான் முதலாவது. அதைச் சரி செய்தாள். அப்புறம் உதிரிபாகங்களாக வரும் கிட் வாங்கித் தானே பற்றவைத்தாள். அப்புறம் கிட்டும் இல்லாமல் தானே வரைந்து செய்தாள். தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, கேட்டடியில் கடை போட்டாள்.

சங்கீதம் படித்தவளில்லை. இதுதான் கிளாட்சனை உறங்கவிடாத செய்தி. ஏழு வயதில் தகப்பனார் மடியில் உட்கார்ந்து ஆர்கன் கட்டையைத் தொட்டவர் அவர். கும்பகோணத்து லுத்தரன் சபை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஆர்கன் வாசிப்பவர். வாரநாட்களில் வீட்டிலேயே கீபோர்டு வகுப்பு. ஊரெல்லாம் மாஸ்டர் என்றால் அவர்தான். அவருக்கு நோட்டில் மட்டும் இருந்தது, ஸ்வரம் தெரியாத ஒருத்திக்கு பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

அந்த வருஷம் கிளாட்சனுக்கு ஒரு நெருக்கடியும் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை நடக்கும் மும்மணி ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிப்பார்கள். ஒவ்வொரு தியானத்துக்குப் பின்னும் ஐந்து நிமிஷம் சபை மௌனமாக இருக்கும். அந்த மௌனத்துக்குக் கிளாட்சன் மெல்ல ஆர்கன் வாசிப்பார். ஆனால் போன தடவை வாசிப்பு மௌனத்தைக் கெடுக்கிறது என்று சபையார் சிலர் சொன்னார்களாம். பேசாமல் ஒரு பென் டிரைவைப் போட்டுவிடலாம் என்று செயலாளர் கமிட்டியில் எழுந்து சொல்லிவிட்டார். கிளாட்சன் அந்த இடத்திலேயே, வருகிற பெரிய வெள்ளிக்குத் தாம் புதிய கருவி ஒன்றைக் கொண்டுவருவதாகவும், அது மௌனத்துக்கென்றே பிறந்தது என்றும் வாக்குக் கொடுத்துவிட்டார். சரி, அதையும் பார்ப்போம், சரிப்படாவிட்டால் பென் டிரைவ் என்று கமிட்டி முடிவெழுதியது. அந்த முடிவின் பொருள் கிளாட்சனுக்கு விளங்காமலில்லை. பென் டிரைவ் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், ஆர்கன் பெஞ்சுக்கு அடுத்து யாரை உட்கார வைப்பது என்ற பேச்சே எழாது.

ஜெர்மனியில் இருந்த தம்பி கிறிஸ்மசுக்கு வருவதாக இருந்தான். நவம்பர் முடிவதற்குள் பட்டியல் அனுப்பினால் வாங்கி வருவான். கிளாட்சன் நோட்டைத் திறந்து உட்கார்ந்தார். இரண்டு வரிசைப் பெட்டி. வார்த்தைக்கு ஒன்றாக ஏழு ஆஸிலேட்டர், அதாவது ஒலியை எழுப்பும் மாடுல் ஏழு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம்: ஒன்று புல்லாங்குழல்போல, ஒன்று வெண்கலம்போல, ஒன்று மனிதக் குரல்போல. பிறகு ஒலியை வடிகட்ட நல்ல ஃபில்டர் ஒன்று, எதிரொலி ஒன்று. பெட்டி நிறைந்துவிட்டது.

அது ஆர்கன்காரரின் பட்டியல். ஆர்கனில் எத்தனை குரல் இருந்தாலும் கவலையில்லை. விரலை எடுத்தால் ஒலி நின்றுவிடும். நாற்பது வருஷம் விரலை எடுத்துப் பழகியவருக்கு, இந்தக் கருவியில் எடுப்பதற்கு விரலே இல்லை என்பது தோன்றவில்லை. மூன்று வருஷம் படித்ததிலும் ஒலியை அடக்கும் மாடுல்களைப் பற்றிய பக்கங்களைத்தான் அவர் வேகமாகத் தள்ளியிருந்தார். ஒலியே எழுப்பாத மாடுலுக்கு யார் விலை கொடுப்பார்கள்?

பட்டியலைத் தம்பிக்கு அனுப்புமுன் நீடாமங்கலம் போனார். யோசனை கேட்கப் போவதாக ஜாஸ்லினிடம் சொன்னார். ஜாஸ்லின் அவரோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள், "யோசனை கேக்கவா, அந்தப் பொண்ணு மொகம் மாறுறதைப் பாக்கவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எழில்மொழியின் முகம் மாறவில்லை. அவர் பட்டியலை நீட்டியதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தப் பக்கத்தில் பேச ஒரு ஆள் கிடைத்தாரே என்று டீ சொல்லியனுப்பினாள். அன்று ஃப்ரிட்ஜ் என்று சொன்னவர்தானே நீங்கள் என்று கேலி செய்தாள். அப்புறம் காகிதத்தை மேசையில் விரித்துப் படித்தாள். படிக்கப் படிக்கப் பேச்சு குறைந்தது.

"மாஸ்டர், ஏழு தலைமதகு வெட்டிட்டீங்க. தடுக்குறதுக்கு ஒரு மடைப்பலகைகூட வாங்கலியே."

வி.சி.ஏ. என்று ஒரு மாடுல் உண்டு. அது ஒலி எழுப்பாது. வருகிற ஒலியை எவ்வளவு விடுவது, எவ்வளவு அடைப்பது என்பது மட்டுமே அதன் வேலை. அதில் குறைந்தது நான்கு வேண்டும் என்றாள். அவற்றைத் திறக்கவும் மூடவும், முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒழுங்கில் மெதுவாக மின்னழுத்தம் அனுப்பும் ரேண்டம் மாடுல் ஒன்று. ஒலி எழுப்ப மூன்று போதும். அவரைக் கேட்காமலே காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஏழில் நான்கை அடித்தாள்.

அடிபட்ட நான்கில் மனிதக் குரலும் இருந்தது. கிளாட்சனுக்கு முகம் சிவந்தது. தன் டப்பாவைவிடப் பெரிய பெட்டி பக்கத்தில் வருவது இவளுக்குப் பொறுக்கவில்லை என்று அவர் மனம் தீர்ப்பெழுதியது. தம் மனத்தில் இருந்ததையே அவள் மனத்திலும் கண்டார்.

"பெட்டி பெருசா இருந்தா உனக்கு என்னம்மா?"

நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவர் நீ என்றது இருவர் காதிலும் விழுந்தது. எழில்மொழி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"எனக்கென்ன மாஸ்டர். பெட்டியில வர்ற கரண்டுதான் ஏழுக்குத் தாங்காது."

அன்று மாலையே ஏழும் எழுதிய பட்டியல் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஜெர்மனிக்குப் போயிற்று.

பெட்டி வந்தது. ஜனவரி முதல் வாரத்தில் கிளாட்சன் எல்லாவற்றையும் திருகி, கேபிள் செருகி, சுவிட்சைப் போட்டார். ஏழும் ஒரே நேரத்தில் எழுந்தன. எழுந்தவை அடங்கவில்லை. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஏழு வண்டிகள் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தபடி பின்வாங்குவதுபோல் இருந்தது வீடு. ஒலியைக் குறைத்தால் ஏழும் சேர்ந்து குறைந்தன. கூட்டினால் ஏழும் சேர்ந்து கூடின. அரைமணி நேரத்தில் ஆறாவதும் ஏழாவதும் விளக்கு மங்கி இழுக்கத் தொடங்கின. கரண்டு தாங்கவில்லை.

"ஆண்டவர் ஒவ்வொரு வார்த்தையாத்தானே சொன்னாரு?" என்று ஜாஸ்லின் கேட்டாள். "உங்க பெட்டியில ஏழையும் ஒரே மூச்சுல சொல்றாரே."

ஆறாவதையும் ஏழாவதையும் கழற்றினார். மிச்சம் ஐந்தும் அப்படியேதான். வி.சி.ஏ. வாங்கியனுப்பும்படி தம்பிக்கு எழுதலாம். எழுதினால், அந்தப் பென்சில் கோடு சரி என்று தாமே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகும். எழுதவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலம் தொடங்கியது. வாரத்துக்கு ஒருமுறை மன்னார்குடிக்கு வகுப்பெடுக்கப் போகையில், நீடாமங்கலம் கேட்டில் வண்டி நின்றால் சன்னல் கண்ணாடியை இழுத்து மூடிக்கொள்வார். வெயிலில் எதற்கு மூடுகிறார் என்று பக்கத்து ஆள் முணுமுணுப்பார். மூடினாலும் அந்த ஒலி கேட்பதுபோலவே இருக்கும். ஒரு நாள் மூடாமலே இருந்து பார்த்தார். கடையில் மிக்ஸி ஓடும் சத்தம்தான் கேட்டது. அவருக்கு அதுவும் நிம்மதி தரவில்லை.

குருத்தோலை ஞாயிறும் போயிற்று. ஆராதனைக்கு மூன்று நாள் இருக்கையில், செவ்வாய்க்கிழமை காலை, பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிளாட்சன் நீடாமங்கலம் பேருந்தில் ஏறினார். வழி நெடுக ஆறு வறண்டு மணலாகக் கிடந்தது. இருந்த கொஞ்சத் தண்ணீரையும் முறை வைத்து விட்ட வருஷம் அது. பழுது பார்க்கக் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வழியில் தீர்மானித்திருந்தார்.

"கொஞ்சம் இரைச்சல் வருது. என்னன்னு பாருங்க" என்றார்.

எழில்மொழி சுவிட்சைப் போட்டுக் கேட்டாள். பழுது எதுவும் இல்லை என்று அவளுக்கு முதல் நொடியிலேயே தெரிந்திருக்கும். பட்டியலைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்த கிளாட்சனுக்கு, பதில் சொல்லத் தயாரித்து வைத்ததெல்லாம் வீணாயிற்று. எப்போது ஆராதனை என்று மட்டும் கேட்டாள். வெள்ளி என்றார்.

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அவர் பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு ஆஸிலேட்டர்களைக் கழற்றினாள். ஏற்கெனவே கழற்றிய இரண்டோடு சேர்த்தால், அன்று பென்சில் அடித்த அதே நான்கு. மூன்று மிஞ்சின. பிறகு தன் மரப்பெட்டியை இழுத்து, ஓடிக்கொண்டிருந்ததை அணைத்து, கேபிள்களை உருவி, இரண்டு மாடுல்களின் திருகுகளைக் கழற்றினாள். ஒன்று நான்கு வழி வி.சி.ஏ. மற்றது அவளே வரைந்து, அவளே தகடு வெட்டிச் செய்த ரேண்டம் மாடுல். தகட்டின் தலையில் கறுப்பு மார்க்கரால் முறை என்று எழுதியிருந்தது.

இரண்டையும் அவர் பெட்டியில் பொருத்திக்கொண்டே சொன்னாள். தண்ணீர் குறைந்த வருஷத்தில் அப்பா எல்லா மடையையும் திறக்கமாட்டார். ஒன்றைத் திறந்தால் மற்றது மூடியிருக்கும். திறந்தது நிறையுமுன் அடுத்ததை லேசாக விடுவார். முதல் வயலின் கசிவு அடுத்த வயலின் வரப்பை முன்கூட்டியே நனைத்து வைத்திருக்கும். எந்த வயலுக்கு எப்போது என்பது அன்றன்றைக்கு அவர் கால் சேற்றில் வைத்துப் பார்த்துச் சொல்வது. இந்த மாடுலும் அப்படி: மூன்றில் ஒன்றைத்தான் திறக்கும், எதை, எவ்வளவு நேரம் என்பதை அதுவே முடிவு செய்யும், சில தடவை ஒன்றையும் திறக்காது.

"சுதி மட்டும் நீங்க வைங்க மாஸ்டர். அது எனக்கு வராது."

கிளாட்சன் சுதி வைத்தார். அவர் காது பொய்க்காத காது. மூன்றையும் ஒன்றுக்கொன்று ஒட்டியும் ஒட்டாமலும் நிறுத்தினார். அவள் கேபிள் செருகினாள். கேட்டருகே நின்ற பேருந்திலிருந்து ஒரு கிழவர் இறங்கி வந்து, அன்று கிளாட்சன் நின்ற அதே இடத்தில் நின்று கேட்டார்.

"கேபிள் எதையும் உருவிடாதீங்க. அது சும்மா இருந்தாலும் கை வைக்காதீங்க."

பெட்டியைப் போர்வையில் சுற்றும்போது கிளாட்சன் மேசையைப் பார்த்தார். அவளுடைய மரப்பெட்டியில் நடுவே இரண்டு ஓட்டை. மீதி நான்கு தகடுகள் இணைப்பில்லாமல் இருந்தன. அது இனி ஒலிக்காது. அப்போது அவருக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது என்னவோ பழைய பொறாமைதான். இப்படிக் கழற்றிக் கொடுக்க தமக்கு ஒருபோதும் கை வந்திருக்காது என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தோன்றியது. ஆராதனை முடிந்ததும் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். வேலை முடிந்து கொடுங்கள் என்றாள் அவள்.

2017 ஏப்ரல் 14. கோயில் நிறைந்திருந்தது. முதல் வார்த்தையின் தியானம் முடிந்ததும் கிளாட்சன் சுவிட்சைப் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஒலி வந்தது என்று சொல்வதைவிட, அது ஏற்கெனவே அங்கே இருந்ததுபோல் இருந்தது. இருமல்கள் நின்றன. இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொரு மௌனத்திலும் அது வேறு வேறாகப் போயிற்று. செயலாளர் கண்ணை மூடியிருந்தார்.

ஆறாம் வார்த்தைக்குப் பின் அது நின்றுவிட்டது. ஒரு மடையும் திறக்கவில்லை. பத்து நொடி, இருபது. கிளாட்சனின் வலக்கை தானாக எழுந்து கேபிளுக்குப் போயிற்று. நாற்பது வருஷப் பழக்கம். பின் வரிசையைப் பார்த்தார். சுவரோரம், புதுப்புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எழில்மொழி உட்கார்ந்திருந்தாள். வருவதாக அவள் சொல்லியிருக்கவில்லை. அவள் கண் அவர் கைமேல்தான் இருந்தது. கை இறங்கியது. ஏறக்குறைய ஒரு நிமிஷம் கழித்து, அடியிலிருந்து ஒரே ஒரு ஒலி எழுந்தது. முன் வரிசையில் யாரோ விம்மினார்கள்.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்தபோது ஐயர், சபைக் குருவைச் சபையார் அப்படித்தான் அழைப்பார்கள், ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னார். நம்முடைய கிளாட்சன் மாஸ்டர் தாமே தேர்ந்து, தாமே அமைத்த கருவி. இனி நம் சபையின் பெரிய வெள்ளி இப்படித்தான் இருக்கும் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாமே என்ற சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எழுந்து பேச இடம் இருந்தது. கிளாட்சன் தலையைக் குனிந்தார். அதைச் சபையார் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த எழில்மொழியிடம் போனார்.

"ஆறாவதுல கை வெச்சிருவீங்கன்னு நெனச்சேன் மாஸ்டர்" என்றாள். "வெக்கல."

ஐயர் சொன்னதைப் பற்றிப் பேச அவர் வாயெடுத்தார். அவள், நாலரை வண்டியைப் பிடிக்க வேண்டும், போனால் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க நேரம் சரியாக இருக்கும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். இந்த வாரம் அடுத்த வாரம் என்று கிளாட்சன் மாடுல்களைக் கொண்டுபோகவில்லை. முதலில் ஐயர் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றார். பிறகு தஞ்சாவூரில் ஒரு சபை அழைத்தது. அக்டோபரில் எழில்மொழி பினாங்குக்கு வேலைக்குப் போனாள். கடையை ஒரு செல்போன்காரர் எடுத்தார். மரப்பெட்டியை அவள் ஓட்டைகளோடேயே கொண்டுபோனாள் என்று இளையபெருமாள் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து, இன்னொரு பெரிய வெள்ளி மாலை, பினாங்கிலிருந்து போன் வந்தது. மாடுல்களைத்தான் கேட்கப் போகிறாள் என்று கிளாட்சன் நினைத்தார். கேட்டால் தந்துவிட வேண்டும்; தந்தால் பெட்டி பேசாது. அவர் ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் பேசினார்.

"மாஸ்டர், இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"முறை தகட்டுல மூணாவது கேபிள் குழி கொஞ்சம் லூசா இருந்துச்சு. ஸ்பிரிட்ல தொடச்சு விடுங்க, ஆடாது."

அம்மாவின் இடுப்பைப் பற்றியும் பினாங்கு மழையைப் பற்றியும் கொஞ்சம் பேசினாள். வைத்துவிட்டாள். கிளாட்சன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மூன்றாவது குழியைத் துடைத்தார். கருவியைப் பார்க்க வருகிறவர்கள், அந்த ஒரு தகடு மட்டும் ஏன் கையால் எழுதியிருக்கிறது என்று இப்போதும் கேட்கிறார்கள். உள்ளூரில் செய்தது என்பார். அதற்குமேல் சொன்னதில்லை. அவளும் திரும்பக் கேட்டதில்லை.